கைவிரதம்

கோயம்புத்தூரில் வசதியுள்ள பலருடைய உடம்பு தேறுவதற்காகத் தவமணி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் பார்த்த வேலை. சிங்காநல்லூரிலிருந்த முதல்வலு நிலையத்தில், வரிசையாகப் போட்ட இரும்புச் சாமான்களுக்கு நடுவே, முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக எடை தூக்குவாள், இழுப்பாள், உட்கார்ந்து எழுவாள். சில வாரங்களில் கையிலும் காலிலும் வலு ஏறும். ஏறியதும் அதை அவளிடமிருந்து எடுத்து, பணம் கட்டிய புண்ணியவானுக்கு ஏற்றிவிடுவார்கள். தவமணி மறுபடியும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவே திணறுகிறவளாக வீடு திரும்புவாள். கொஞ்ச நாள் ஓய்வு. அப்புறம் வேறொரு புண்ணியவானுக்காக அரிச்சுவடியிலிருந்து ஆரம்பம்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டர் மெஹருன்னிசா அவளை உட்காரவைத்து விளக்கியிருந்தார்.

"சதை வளர மாசக்கணக்காகும்மா. ஆனா பயிற்சி ஆரம்பிச்ச முதல் சில வாரத்துலயே பலம் கூடிடும். கையைச் சுத்தி அளந்து பார்த்தா அதே அளவுதான் இருக்கும். அப்ப பலம் எங்கேயிருந்து வந்துச்சு?"

"தெரியலைங்க."

"நரம்புலேர்ந்து. ஒரு கட்டட வேலையில நூறு ஆள் இருக்காங்கன்னு வெச்சுக்கோ. மேஸ்திரி புதுசு. யார் எங்கே நிக்கறாங்கன்னு தெரியாம முப்பது பேரைத்தான் கூப்பிடறார். நாள் போகப் போக எல்லாரையும் தெரிஞ்சுக்குவார். ஒரு சத்தம் கொடுத்தா அத்தனை பேரும் ஒண்ணா வந்து நிப்பாங்க. ஆள் கூடல, வேலை மட்டும் கூடிடுச்சு. அந்த மேஸ்திரியோட பழக்கத்தைத்தான் உன்கிட்டேயிருந்து எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்கறோம். சதையைக் கொடுக்க முடியாது. அதை அவங்கவங்கதான் வளர்க்கணும்."

"அப்ப இதையும் அவங்களே வந்து தூக்கிப் பழகிக்கலாமுங்களே?"

டாக்டர் சிரித்துவிட்டார். "பழகிக்கலாம். பழக மாட்டாங்க."

நிலையத்து ஆட்கள் இதற்குத் தங்கள் பாஷையில் பெயர் வைத்திருந்தார்கள். வலுவை எடுப்பது 'பிடுங்கறது', ஏற்றுவது 'நடறது'. தங்களை நாற்றங்கால் என்று சொல்லிக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு வயலில் வளர்ந்தது இன்னொரு வயலில் விளையப் போகிறது, அவ்வளவுதான். நாற்றங்காலிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. அதற்குக் கைவிரதம் என்று பெயர். பயிற்சி தொடங்கும்போது நரம்பை இளக்க இரண்டு கையிலும் ஊசி போடுவார்கள். அன்றிலிருந்து பிடுங்கும் நாள்வரை அந்தக் கைகளால் நிலையத்துச் சாமான்களைத் தவிர வேறெந்தக் கனமான வேலையும் செய்யக் கூடாது. செய்தால் அந்த வேலையின் பழக்கமும், அது எத்தனை வருஷத்துப் பழக்கமாக இருந்தாலும், இளகி மேலே வந்து புதியதோடு ஒட்டிக்கொண்டு, பிடுங்கும்போது அதோடு போய்விடும். தொடாமல் விட்டால் அது பாட்டுக்குத் தூங்கும். சூலூரிலிருந்து வந்த பரோட்டா மாஸ்டர் ஒருவர் விரதத்தை மறந்து மச்சான் கடையில் மாவு வீசப் போய், கடைசியில் மாவைக் கண்டால் முழிக்கிற நிலைக்கு வந்துவிட்டார். அவருடைய வலுவை வாங்கிய நகைக்கடை முதலாளி ஓட்டலுக்குப் போனால் மேஜைத் துணியை உருவி வீசுகிறாராம். நிலையத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். தவமணியும் சிரித்திருக்கிறாள்.

அவள் புருஷன் நாச்சிமுத்து மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் வேலையில் கெட்டிக்காரர். ஒரு பஞ்சாலையில் சாரம் சரிந்து விழுந்ததில் கழுத்தெலும்பு நொறுங்கியது. அதற்கப்புறம் தோளுக்குக் கீழே இருந்த எதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. "எனக்கு ஒருத்தர் பலத்தை நடக் கூடாதுங்களா?" என்று அவரும் கேட்டுப் பார்த்தார். "கம்பியே அறுந்து கிடக்கே அண்ணா, கரண்ட்டை எங்கே விடறது?" என்று டாக்டர் வருத்தத்தோடு சொன்னார். ஊர் உடம்பெல்லாம் தேற்றுகிற வீட்டில், தேற வேண்டிய ஒரே உடம்புக்கு அது உதவவில்லை.

ஒன்பது வருஷமாகக் காலையில் அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்குவதும், இருட்டியதும் திரும்பக் கட்டிலுக்குத் தூக்குவதும் தவமணிதான். தூக்கும் எந்திரம் ஒன்று இலவசமாக வந்தது. அந்த ஒற்றை அறைக்குள் அது திரும்புவதற்கு இடமில்லாமல் வந்த வழியே போய்விட்டது. விரத நாட்களில் மட்டும் கூலிக்கு ஓர் ஆள் வருவான். அந்த நாட்களில் நாச்சிமுத்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பார்.

"அரிசி மூட்டையை லாரியில ஏத்தற மாதிரி ஏத்தறான் புள்ள."

"கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கங்க."

இந்தத் தடவை அந்த ஆள் திருப்பூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். அடுத்து வந்தவன் காலையிலேயே சாராய வாடையோடு வந்தான். நாச்சிமுத்து அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, "நாற்காலியே வேண்டாம், நான் படுத்தே கெடக்கறேன்" என்றார். சொன்னபடி கிடக்கவும் செய்தார். முதுகில் புண் வரும் என்று தவமணிக்குத் தெரியும். அவர் உத்தரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்ததை அவளால் இரண்டு நாளைக்குமேல் பார்க்க முடியவில்லை. குனிந்து தூக்கிவிட்டாள். அன்றும், மறுநாளும், விரதம் முடிகிறவரைக்கும் தூக்கினாள். மாவு வீசுவது தொழில், புருஷனைத் தூக்குவது தொழிலா என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். நிலையத்தில் மூச்சு விடவில்லை.

பிடுங்கிய மறுநாள் காலை வழக்கம்போல் கட்டில் அருகே போய் நின்றாள். ஒரு கை அவர் கழுத்தின்கீழ் போனது. அடுத்த கை எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பலம் இல்லாததை அவள் எதிர்பார்த்திருந்தாள்; ஒவ்வொரு தடவையும் பழக்கம்தான் அவரைத் தூக்கிக் கொடுக்கும். இது வேறு. வாயில் நிற்கிற சொல் வராததைப் போல, தூக்குவது வரவில்லை. முழங்காலின்கீழ் கொடுத்தாள், இடுப்பில் கொடுத்தாள், இழுத்தாள். அவர் கட்டில் விளிம்பில் சரிந்து, நெற்றி நாற்காலியில் இடித்து, தரையில் விழுந்தார். பக்கத்து வீட்டார் ஓடி வந்து தூக்கிப் படுக்கவைத்தார்கள்.

நெற்றியில் புடைத்திருந்ததை, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் வார்டு நர்ஸ் சுகந்தி அந்த வாரக் கடைசியில் பார்த்துவிட்டாள். நல்லவள்தான், ஆனால் சட்டத்தை விடாதவள்.

"அக்கா, பாத்துக்கறவங்களால பத்திரமா தூக்க முடியலைன்னா நான் இல்லத்துக்கு எழுதித்தான் ஆகணும். எனக்கு வேற வழி இல்ல."

"எல்லாம் சரியாப் போயிரும் கண்ணு. எழுதிராத."

"அடுத்த மாசம் வருவேன். என் கண்ணு முன்னாடி தூக்கிக் காட்டுங்க. இல்லைன்னா அண்ணன் இல்லத்துலதான் இருந்தாகணும்."

இல்லம் என்பது நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய கட்டடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க விடுவார்கள். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். தவமணி அவரில்லாத அந்த அறையை நினைத்துப் பார்த்தாள். தான் பேசினால் கேட்க ஆளில்லாத அறை.

நேரே போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அதான் விஷயமா? உன் வலுவை வாங்கினவர் நாலு நாளா எனக்குப் போன் மேல போன் போட்டுட்டு இருக்கார்."

யார் நாற்று யாருக்குப் போனது என்று சொல்லக் கூடாது என்பது நிலையத்தின் விதி. டாக்டர் அன்றைக்கு அதை மீறினார். மறுநாள் வேதநாயகம் வந்து தவமணியின் எதிரே உட்கார்ந்தார். கல்லூரியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். ரேஸ்கோர்ஸ் பகுதியில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வார், யாரும் கேட்காமலேயே. நீண்ட காய்ச்சல் ஒன்றில் உடம்பு நைந்து, நாற்காலியிலிருந்து எழவே ஆள் தேவைப்பட்டதால் வலு வாங்கியவர்.

"குறை சொல்ல வரலைம்மா" என்றார். "படி ஏறறேன், கடைக்குப் போறேன், எல்லாம் நல்லா இருக்கு. ஆனா காலையில எழுந்ததும் ரெண்டு கையும் தானா முன்னால நீளுது. குனியறேன். எதையோ தூக்கணும். அங்கே ஒண்ணும் இல்லை. தலகாணியை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன், கை ஏமாற மாட்டேங்குது. சிரிக்காதீங்க, ஒரு நாள் நின்னு அழுதுட்டேன்."

"அது எங்க வீட்டுக்காரருங்க" என்றாள் தவமணி.

அவருக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் தன் கைகளை மடியிலிருந்து எடுத்து மேஜையின்மேல் வைத்தார், அடுத்தவர் பொருளைத் திருப்பி வைப்பதைப் போல.

டாக்டர் இருவரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். "திரும்பப் பிடுங்கலாம். ஆனா பழசும் புதுசும் ஒட்டிப் போச்சு, தனியாப் பிரிக்க முடியாது. எல்லாமே வந்துடும். சார் பழையபடி நாற்காலியோடதான் இருக்கணும். தவமணிகிட்ட அது மறுபடி வேர் பிடிக்கும்னும் என்னால சத்தியம் பண்ண முடியாது. பாதிக்குப் பாதிதான்."

வேதநாயகத்தின் முகம் வெளுத்தது. ஆனாலும், "அவங்க கைதானே, எடுத்துக்கட்டும்" என்றார்.

தவமணிக்கு வாய்வரை வந்தது, 'சரிங்க' என்ற சொல். வேதநாயகம் எழுந்தபோது, நிற்பதையே ரசிப்பவர்போல ஒரு கணம் நின்றார். அதைப் பார்த்தபின் அவளால் சொல்ல முடியவில்லை.

"நான் மறுபடியும் பழகிப் பாக்கறனுங்க. முடியலைன்னா அப்பறம் கேக்கறேன்."

"அதுவரைக்கும் நான் வந்து தூக்கறேன்" என்றார் வேதநாயகம் சட்டென்று. "எனக்குக் காலையில வேற வேலை ஒண்ணும் கிடையாது. உங்களைப் பார்க்க வெச்சே தூக்கறேன், பார்த்துப் பழகிக்கலாம்."

முதல் நாள் நாச்சிமுத்து சும்மா விடவில்லை.

"புரொபசருங்களாமே. பாடம் நடத்த வந்தீங்களா, தூக்க வந்தீங்களா?"

"தூக்கத்தான். பாடம் வேணும்னா அப்புறம் நடத்தறேன்."

"பாத்துங்க. நான் ஏற்கெனவே ஒருக்கா விழுந்த சரக்கு."

வேதநாயகம் கட்டில் அருகே போனார். அதுவரை தடுமாறிக்கொண்டிருந்த மனிதர் குனிந்ததும் வேறு ஆளாகிவிட்டார். நாச்சிமுத்துவின் தலை அவர் தோள் குழியில் போய்ச் சாய்ந்தது. நாச்சிமுத்து கண்ணை மூடினார். அந்த வாரம் முழுக்க இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தது. பிறகு, அவ்வளவு மெதுவாக, "தவமணி" என்றார்.

"இங்கதான் இருக்கறனுங்க" என்றாள் அவள், கதவோரத்திலிருந்து, கையில் துண்டோடு.

அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. வேறொரு பெண்ணாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தன்னுடைய கையோடேயே எப்படிச் சண்டை போடுவது? தான் இத்தனை வருஷமாக இருந்த இடத்தில் தன்னையே வேறொருவர் உருவத்தில் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். பார்த்துப் பழகலாம் என்றது நடக்கவில்லை. "இந்த இடத்துல எப்படிங்க புடிக்கறீங்க?" என்று கேட்டால் அவருக்கே தெரியாது. யோசித்தால் கை நின்றுவிடும், யோசிக்காமல் விட்டால்தான் தூக்கும். கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது கையோடு போய்விட்டது. ஆகவே அவள் தன் வழியில் இறங்கினாள். நிலையத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மணல் நிரப்பிய சாக்கு ஒன்றைக் கட்டிலில் போட்டுத் தூக்கிப் பழகினாள். முதலில் சாக்கு அசைந்து கொடுக்கவில்லை. மறுவாரம் கட்டில் விளிம்புவரை வந்தது. அப்புறம் ஒரு நாள் திடீரென்று, கையும் இடுப்பும் காலும் ஒரே குரலுக்கு வந்ததைப் போல, சாக்கு எழும்பிச் சுவரோர நாற்காலியில் போய் உட்கார்ந்தது. கையைத் தொட்டுப் பார்த்தாள். அதே மெலிந்த கைதான். இத்தனை பேருக்கு வளர்த்துக் கொடுத்தவள், முதன்முதலாகத் தனக்கென்று கொஞ்சம் வலுவை வைத்துக்கொண்டாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

நாச்சிமுத்துவும் வேதநாயகமும் அந்நேரம் வாசலில் உட்கார்ந்து நைல் நதியில் இருந்தார்கள். தூக்கி முடித்ததும் வேதநாயகம் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது ஒரு நாட்டைப் பற்றிச் சொல்வார். நாச்சிமுத்து குறுக்குக் கேள்வி கேட்பார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார். தவமணி டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அடுப்போரம் நின்று குடித்தாள். தன் வீட்டுக்குத் தானே விருந்தாளியாக வந்திருப்பதைப் போலிருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷமும் பட்டாள். அதோடு சேர்ந்தே, இந்த ஒன்பது வருஷத்தில் தன்னிடம் யார் இப்படி உட்கார்ந்து பேசினார்கள் என்றும் தோன்றியது.

சுகந்தி சொன்னபடியே வந்தாள். வேதநாயகம் ஒதுங்கிச் சுவரோரம் நின்றார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. அந்தக் கைகள் துடித்தது தவமணிக்குத் தெரிந்தது. அவள் குனிந்தாள். சாக்கில் படித்ததை எல்லாம் நினைத்து நினைத்துச் செய்தாள். பாதியில் நாச்சிமுத்துவின் தாடை அவள் தோளில் இடித்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். கால் ஒன்று இழுபட்டது. ஆனால் நழுவவிடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்கு இரைத்தது.

"பரவாயில்லைக்கா. பத்திரமாத்தான் தூக்கறீங்க. நான் இல்லத்துக்கு எழுதலை" என்று சொல்லிச் சுகந்தி போய்விட்டாள்.

"நல்லாத்தான் தூக்கின புள்ள" என்றார் நாச்சிமுத்து. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தூக்கி இறக்கும்வரை அவர் கண்ணைத் திறந்தே வைத்திருந்ததை அவள் கவனித்திருந்தாள்.

வேதநாயகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இனிமே நான் தேவையில்லைன்னு நினைக்கறேன். சந்தோஷம். திங்கட்கிழமை நிலையத்துக்கு வந்துடறேன்மா. எடுத்துக்குங்க. பாதிக்குப் பாதின்னாலும் முயற்சி பண்ணிப் பார்க்கலாம். எனக்கு ஒண்ணும் ஆகாது, பழகின நாற்காலிதான்."

"வேண்டாமுங்க. நீங்களே வெச்சுக்கங்க. எனக்குத்தான் புதுசா வருதே."

"அது அதுபோல இருக்காதும்மா."

"இருக்காதுதானுங்க" என்றாள். "ஆனா உங்களை உக்கார வெச்சுட்டு நான் எதைத் தூக்கி என்ன ஆவுது?"

வேதநாயகம் தலையைத் தாழ்த்திக்கொண்டார். நாளைக் காலையில் அந்தக் கைகள் காற்றில் நீளுவதை மூன்று பேருமே நினைத்துக்கொண்டார்கள்.

"சார்" என்றார் நாச்சிமுத்து. "கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு காரியம். அவளை ஒருக்கா தூக்குங்க."

வாசலுக்குத் திரும்பிய வேதநாயகம் அப்படியே நின்றார்.

"ஏனுங்க, என்ன பேச்சு இது? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" தவமணிக்கு முகம் சிவந்தது.

"தப்பா நினைக்காத புள்ள. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. நான் வாயில சொல்லி ஆவாது. சொல்லிப் பாத்திருக்கறேன், வரல. எனக்குக் கை இருந்தா நான் தூக்குவேன். இல்ல. அதனாலதான் கேக்கறேன்."

வேதநாயகம் அவளைப் பார்த்தார். அவள் மாட்டேன் என்றால் உடனே வெளியே போய்விடத் தயாராக நின்றார். தவமணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவனின் கட்டிலில் மல்லாந்து படுத்தாள். இதுவரை அவள் அதில் படுத்ததில்லை. மேலே உத்தரமும் மின்விசிறியும் தெரிந்தன. இங்கிருந்து பார்த்தால் வீட்டில் வேறு ஒன்றுமே இல்லை.

ஒரு கை கழுத்தின்கீழ் வந்தது. இன்னொன்று முழங்காலின்கீழ். இப்போது தூக்கும் என்று அவள் உடம்பை இறுக்கிக்கொண்டாள். கை தூக்கவில்லை. காத்திருந்தது. அவள் மூச்சு உள்ளே போய், வெளியே வந்து, தோள் தளர்கிறவரைக்கும் காத்திருந்தது. பிறகு எப்போது கட்டிலை விட்டு எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. குலுங்கவில்லை. எங்கும் வலிக்கவில்லை. தலை தானாகப் போய்ச் சாய்ந்தது. அவசரமே இல்லாத ஒரு கை, விழுந்துவிடுவாள் என்று ஒரு கணமும் நினைக்காத கை. சுவரோரம் கிடந்த நாற்காலியில் அவளை இறக்கிவிட்டு, அந்தக் கை நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டது.

வேதநாயகம் பதறிப் பின்வாங்கினார். "மன்னிச்சுக்குங்க, அது தானா..."

"தெரியுமுங்க" என்றாள் தவமணி. தினமும் தான் அப்படிச் செய்தது அவளுக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது.

அவர் செருப்பைத் தேடிக்கொண்டு வாசல்பக்கம் போனார்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"பயமே இல்லீங்க" என்றாள் தவமணி.

"எனக்கு இத்தனை வருசமும் அப்படித்தான் இருந்துச்சு. தினமும்" என்றார் அவர். "உனக்குத்தான் புள்ள, ஒருத்தரும் இல்ல."

தவமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.